பழுப்புப் பாம்பு எதைச் சுமக்கிறது

1
இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது. மூன்று வருடமாகப் பேசாத ரெனிஷா ஹூஸ்டனிலிருந்து அனுப்பியிருந்தாள்: “ஏட்டி, உன் பொண்ணு வளந்திருப்பாளே. என் பையனோட சேத்து விடலாமா?”

பொண்ணு, பையன் என்றது மலைப்பாம்புகளை. (பயப்படாதீர்கள். வீட்டில் வளர்க்கிற, எலி தின்கிற சின்ன இனம்.)

2
முதல் தொடக்கம்: கலிபோர்னியாவின் குபெர்டினோவில் இலையுதிர்காலம் பொன்னாய் இறங்கி—

பொய். அங்கே நாங்கள் இருவரும் பார்த்தது சேர்ந்து குடியிருந்த அபார்ட்மெண்ட் அடுப்படியைத்தான். சாம்பார் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, பாம்புக்கான ஃபிரீசர் எலியை இளக்குவாள் ரெனிஷா. “கழுவிட்டேன்ட்டி, சாப்பிடு,” என்பாள். சாப்பிடுவேன். அந்தப் பாத்திரம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

3
எங்கள் ஜோடிப் பாம்பு இரண்டும் வெறும் பழுப்பு. ஏழு முட்டை. ஆறில் பழுப்புக் குட்டிகள் தலை நீட்டின. ஏழாவதில் பொன்மஞ்சள்.* கட்டிப்பிடித்துக் குதித்தோம். பிறகு, தாத்தா காலத்திலிருந்து டாக்டர்கள் உள்ள வீட்டுப் பெண் ரெனிஷா, அதைக் கையில் ஏந்திச் சொன்னாள்:

“இது ஒன்ன மாரியேட்டி. உங்க வீட்டுல ஒருத்தரும் காலேஜ் பக்கம் போகல. ஒனக்கு மட்டும் எங்கிருந்துட்டி வந்துச்சு?”

பாராட்டாம்.

அவள் அந்த மஞ்சள் பையனோடு டெக்சாஸ் போனாள். நான் ஒரு பழுப்புப் பொண்ணை வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினேன்.

* இந்த நிறம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வராது. தாய், தகப்பன் இரண்டிடமும் வெளியே தெரியாமல் இருந்தால்தான் குட்டியில் தெரியும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

4
ரெனிஷாவைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. என் வேலைக்காக அம்மா ஊரிலிருந்து நேர்ந்துகொண்டதை முடிக்க, மலை தாண்டி லிவர்மோர் கோயிலுக்குக் காரோட்டியவள் அவள். “நான் வேதக்காரிட்டி, சர்ச்சுக்குப் போறவ, புளியோதரைக்கு மட்டும் வாரேன்.”

(இந்தப் பத்தியை அடித்துவிட்டால் கோபம் சுத்தமாக இருக்கும். அடிக்க மனமில்லை.)

5
முடிவு ஒன்று: என் பழுப்பும் அந்த மஞ்சளை உள்ளே சுமந்திருந்தால், முட்டைகளில் பாதி மஞ்சளாகப் பொரியலாம். நான் ரெனிஷாவிடம் காட்டி, பார்த்தியா என்று—

முடிவு இரண்டு: ஒன்றும் மஞ்சளாக வராது. அப்போதும் அவள் அன்று என்னைக் கேட்டது தப்புத்தான்.

6
பதில் அடித்து வைத்திருக்கிறேன்: “கொண்டு வரேன். முதல்ல சொல்லு, எனக்கு எங்கிருந்து வந்துச்சு?”

ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்ட அம்மா. பஞ்சர் கடை அப்பா. இரண்டு பேரையும் அவள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளும் போய்விடுவாள், அந்த அடுப்படியும் போய்விடும்.

அனுப்பட்டுமா? உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் யாரிடமாவது கேட்டிருந்தால், தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருங்கள்.