வீட்டில் எத்தனை பேர்?

மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருக்கிற செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருபத்திரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. பதினாலு வீட்டுச் சனமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. அதைப் படம் பிடிக்க டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்றதும், பேசுவதற்குத் திலகத்தைத்தான் எல்லாரும் கைகாட்டினார்கள். ஐம்பத்தாறு வயது, தெளிவான பேச்சு, எவனுக்கும் பயப்படாத வாய். அவளும் உடனே சரி என்றாள். தண்ணீருக்காக என்று நினைத்தார்கள். நினைக்கட்டுமே!

அவள் மனதில் இருந்தது விமலா. ஒரே மகள். தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டப்போகிறேன் என்றவளிடம், "அப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சுக்க" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கும் போகாமல் இருந்தவள் திலகம். வீம்பு, வேறென்ன! ஆறு வருசம் ஓடிவிட்டது. மகள் ஜோகூரில் இருக்கிறாள் என்பது வரைக்கும் தெரியும். நம்பரை மாற்றிவிட்டாள். டிவியில் அம்மா முகத்தைப் பார்த்தால் ஒரு போனாவது போடமாட்டாளா? அந்த நப்பாசைதான்.

லயத்துக் கமிட்டி செயலாளர் புனிதன், நிருபர்களிடம் எப்படிப் பேசுவது என்று ஷா ஆலமில் ஒருநாள் பயிற்சிக்குப் போய் வந்தவன். வந்ததிலிருந்து ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை. மூன்று நாள் சாயங்காலம் திலகத்தை நாற்காலியில் உட்காரவைத்து, கரண்டியை மைக்காக நீட்டிக் கேள்வி கேட்டான்.

"மூணே பாய்ண்ட்தான்க்கா. எத்தன நாளு, எத்தன குடும்பம், தோட்டத்து ஆபீஸ் என்ன சொன்னிச்சு. கேமராவப் பாக்காதீங்க, கேக்குற ஆளப் பாருங்க. அழுவாதீங்க. ஒரு சின்னப் பொய்கூட வேணாம்லா. ஒண்ணு மாட்டுனாலும் அம்புட்டும் பொய்யின்னுருவாங்க."

"கடைசில எம்மவளுக்கு ரெண்டு வார்த்த சொல்லிக்கவா?"

புனிதன் கரண்டியைக் கீழே வைத்தான். "இது தண்ணி விசயம்க்கா. குடும்ப விசயத்த இதுல இழுக்காதீங்க."

திலகம் தலையாட்டினாள். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

சனிக்கிழமை காலை சுமையா என்கிற நிருபர் பெண், கேமராக்காரனோடு வந்து இறங்கினாள். திலகம் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாள் கணக்கு, குடும்பக் கணக்கு, ஆபீஸ் சொன்ன சாக்கு என்று மூன்றையும் பிசிறில்லாமல் சொன்னாள். கேமராவுக்குப் பின்னால் நின்ற புனிதன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

சுமையா சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள். "வீட்ல எத்தன பேரு ஆண்ட்டி?"

இந்தக் கேள்வி பயிற்சியில் வரவில்லை. நான் ஒருத்திதான் என்றால் முடிந்தது. ஊரே பார்க்க, பெற்ற மகளும் பார்க்க, எனக்கு யாருமில்லை என்று எப்படிச் சொல்வாள்?

"ரெண்டு பேரு. நானும் எம்மவளும்."

"மகள் எங்க?"

"விமலா வேலைக்குப் போயிருக்கா. ஆறு மணிக்கெல்லாம் வந்துருவா. வந்ததும் குளிக்கணும்பா, தண்ணிக்கு நான் எங்க போறது?"

புனிதன் தலையில் கை வைத்துக்கொண்டான். வண்டி கிளம்பியதும் அவளிடம் வந்து, "அந்த எடத்த வெட்டிடச் சொல்றேன்க்கா" என்று போனை எடுத்தான். திலகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டா புனிதா. அவ பேரு டிவில வரட்டும்டா. ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

பாவி மனுசன், இளகிவிட்டான்.

அன்று சாயங்காலச் செய்தியில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு அதைத்தான் போட்டார்கள். மகள் குளிக்கத் தண்ணீர் தேடும் தாய்! மறுநாளே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சன்னாசி லயத்து வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார். "இல்லாத மகள இருக்குன்னு சொல்ற பொம்பள, தண்ணி இல்லேன்னு சொன்னா மட்டும் நம்பணுமா?" ஆபீஸ் அனுப்புவதாக இருந்த தண்ணீர் லோரியும் வரவில்லை.

அதோடு திலகத்தோடு யாரும் பேசவில்லை. எதிர்வீட்டு அன்பரசி, அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். புனிதன் வேறு பாதையில் போனான். கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு வாயில்லை. பதினாலு வீட்டுத் தண்ணீரைக் கெடுத்தது அவள்தானே! போனை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாளாக வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அது அடிக்கவேயில்லை.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு அடித்தது.

"யாரக் கேட்டு எம்பேர டிவில சொன்ன?"

விமலாவேதான்.

"இங்க எல்லாரும் பாத்து சிரிக்கிறாங்க. ஆறு மணிக்கு வந்துருவேனா? எந்த வீட்டுக்கு? என் கல்யாணத்துக்கு வந்தியா நீ? எனக்குப் புள்ள பொறந்தது தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. புள்ளையா! ஆணா பெண்ணா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. மகள் ஆறு வருசத்தையும் ஒன்றுவிடாமல் கொட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள். திட்டித் திட்டி மூச்சு வாங்கியது. திலகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ம்மா... லைன்ல இருக்கியா இல்லியா?"

"இருக்கேன்டி. வெச்சிராத தாயி. நீ திட்டு."