டிராகன் குகை வாசலில் ஒரு வரிசை

பக்கத்து வீட்டு மிக்தாலியா ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கம்ப்யூட்டர் ஆட்டத்தில் சேர்ந்த அன்று திரையில் வீரர், மந்திரவாதி, வில்லாளி, வைத்தியர், திருடர் என்று ஐந்து வகை ஆட்கள் வந்து நின்றார்கள். யாராக ஆடப் போகிறோம் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வைத்தியர் பக்கம் அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"இனிமே ஒருத்தனுக்கும் கட்டுப் போட மாட்டேன். வெட்டறது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் கோடரி வைத்திருந்த வீராங்கனையை எடுத்துக்கொண்டாள்.

கறிக்கடை ஒஸ்மானி வைத்தியன் ஆனான். பகல் முழுக்க வெட்டுகிறவனுக்குச் சாயங்காலமாவது எதையாவது ஒட்டவைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்கும். பல் டாக்டர் யமிலே நெருப்பு மந்திரவாதி. அவளிடம் பல் பிடுங்கிக்கொண்ட யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை.

நான் திருடன். ஹவானாவில் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். யார் கை யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பாதித் தொழில் படிந்துவிட்டது. லெவல் ஏறும்போதெல்லாம் ஒரு பாயிண்ட் கொடுப்பார்கள். அதை ஏதாவது ஒரு வித்தையில் போடலாம். மற்றவர்கள் குத்து, ஓட்டம், பூட்டு உடைத்தல் என்று பிரித்துப் போட்டார்கள். நான் எல்லாவற்றையும் ஒளிந்து நிற்பதிலேயே கொட்டினேன். அந்த வித்தையில் நான் போன தூரம் ஆட்டத்தை உண்டாக்கியவர்களே போகாதது. ஒருநாள் அப்படி ஒளிந்து நின்றுகொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த என் தங்கை அறைக்குள் நுழைந்து, நாற்காலி காலியாக இருக்கிறது என்று நினைத்து என் மடியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தேகம் இருந்தால் அவளையே கேட்டுக்கொள்ளலாம். சாந்தியாகோவில்தான் இருக்கிறாள்.

எங்கள் லுயானோ பேட்டையில் அப்போது வீடுகளுக்கு இணையம் கிடையாது. அதனால் நாங்களே மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கேபிள் இழுத்துக் கம்ப்யூட்டர்களைக் கோர்த்துவிட்டோம். பேட்டையே அதில் ஆடியது. கேபிள் கடைசியாக வந்து சேர்கிற வீடு என்னுடையது. அதற்கு முந்தியது மிக்தாலியாவின் மாடி. அங்கே இருக்கும் இரும்புக் கம்பத்தில்தான் அதைக் கட்டியிருந்தது.

என் முழங்கால் விவகாரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ரொட்டிக் கடை போய் வருவதற்குள் அவை என்னை இரண்டு படிக்கட்டுகளில் உட்காரவைத்துவிடும். ஆட்டத்தில் நான் பனிமலை ஏறுகிறேன். ஆகவே ஒரு காலையில் மிக்தாலியா மாடியில் ஈரப் படுக்கைவிரிப்போடு நின்று கத்தியபோது, முழங்காலையும் பார்க்காமல் முற்றத்துக்கு ஓடினேன்.

"யோவ் எவரிஸ்தோ! ஞாயித்துக்கிழமை இந்தக் கேபிளை அவுக்கப்போறேன். எனக்குக் கொடி கட்டணும், கம்பம் வேணும்."

"ஏம்மா, திடீர்னு என்ன?"

"திடீர்னா? உன் வீட்டுக்கு வழி விட்டது என் மாடி. அந்த டிராகன் கேடயம் உங்க எல்லார்கிட்டயும் இருக்கு. எனக்கு இருக்கா? நான் வெட்டி வெட்டிக் கையொடிஞ்சு நிப்பேன், அந்தப் பல்லுக்காரி தூரத்துலேருந்து ஒரு நெருப்பை விட்டுட்டு எடுத்துட்டுப் போயிடுவா. கேடயம் இல்லேன்னா கேபிள் இல்லை."

அவள் சொன்னதில் பொய் இல்லை. டிராகன் ஒவ்வொரு முறை செத்து விழும்போதும் ஒரு கேடயம் விடும். கடைசி அடி யாருடையதோ அவருக்குத்தான் அது. கொஞ்ச நேரத்தில் டிராகன் மறுபடி பிறந்துவிடும். இரண்டாவது கேடயம் வேண்டும் என்று எல்லோரும் மறுபடி பாய்வார்கள். கோடரிக்காரி பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் மந்திரவாதிகள் காரியத்தை முடித்துவிடுவார்கள்.

அன்றைக்கே ஆட்டத்தில் டிராகன் குகை வாசலுக்குப் போனேன். சந்தைக்கடை மாதிரி இருந்தது. கத்திகள் பறந்தன, நெருப்பு பறந்தது. நான் நடுவில் நின்று பஸ்ஸில் கொடுத்த அதே குரலில் மைக்கில் கேட்டேன்:

"கடைசி யாரு?"

அடி நின்றது. ஓங்கிய வாள் ஓங்கியபடி நின்றது.

எங்கள் ஊரில் ரொட்டிக்கு வரிசை, முட்டைக்கு வரிசை, ஐஸ்கிரீமுக்கு வரிசை. வருகிறவன் முதலில் இதைத்தான் கேட்பான். ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நாம். அதற்கப்புறம் நிழலில் போய் உட்காரலாம், வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வரலாம். இடம் எங்கேயும் போகாது. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் ஹவானாக்காரனுக்குக் கை தானாக எழும்பிவிடும், அதில் கத்தி இருந்தாலும்.

"நான்தான் போலிருக்கு" என்றான் ஒஸ்மானி.

"ஆமா, உனக்கு முன்னாடியே நான் வந்துட்டேன்" என்றாள் யமிலே.

"டாக்டரம்மா, நீங்க வரும்போது நான் இங்க கட்டுப் போட்டுக்கிட்டிருந்தேன். கண்ணுல பஞ்சு வெச்சிருந்தீங்களா?"

பத்து நிமிஷச் சண்டைக்குப் பிறகு வரிசை மலைச்சரிவு வரைக்கும் நீண்டது. எல்லோரும் சேர்ந்து டிராகனின் உயிரை ஒரு நூலளவுக்குக் கொண்டுவருவது, பிறகு ஒதுங்கி நின்று, வரிசையில் முதல் ஆளுக்குக் கடைசி அடியை விடுவது என்று ஏற்பாடு. மிக்தாலியாவின் முறை சனிக்கிழமை வரும் என்று கணக்கானது. அவளுக்குப் பின்னால் ஒஸ்மானி, அப்புறம் யமிலே, கடைசியில் நான். ஒளிந்து நின்றதால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. இரண்டு வில்லாளிகள் என் மேலேயே நின்றார்கள்.

வியாழக்கிழமை மின்சாரம் போனது. வரிசை மொத்தமும் காணாமல் போனது. வேறு ஊராக இருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். இங்கே கரண்ட் வந்ததும், மலை திரையில் தெரிவதற்கு முன்பே குரல்கள் வந்துவிட்டன: "நான் ஒஸ்மானிக்குப் பின்னாடி." "நான் அந்தப் பச்சைத் தொப்பிக்கு முன்னாடி."

டிராகனுக்கும் இது பழகிவிட்டது. செத்துப் பிறந்ததும் முன்னங்கால்மேல் முகவாயை வைத்துக்கொண்டு, முதலில் நிற்பவரைப் பார்க்கும். ஒருதடவை கேபிளில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் எங்கிருந்தோ ஓடிவந்து அம்பு விட்டான். டிராகன் திரும்பக்கூட இல்லை. அவன் வெட்கப்பட்டு, "கடைசி யாரு?" என்று கேட்ட பிறகுதான் தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்தது.

சனிக்கிழமை மதியம் மிக்தாலியாவின் முறை வந்தது. எல்லோரும் அடித்து ஒதுங்கினார்கள். அவள் நடந்து போய்க் கோடரியை ஓங்கி ஒரே வெட்டு. டிராகன் சாய்ந்தது. கேடயம் கல்தரையில் விழுந்து தங்கமாக மின்னியது.

என் பனிமலை தப்பித்தது.

"எடுக்க வரலையே" என்றாள் மிக்தாலியா.

"கிட்டப் போய் எடும்மா."

"கிட்டத்தான் நிக்கறேன். பையில எடமில்லேங்குது."

ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பை உண்டு. அதில் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும், கட்டத்துக்கு ஒரு பொருள். அவள் பை நிரம்பித்தான் இருக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நாளாகவே அவள் கம்ப்யூட்டர் கனத்துக்கொண்டே வந்தது. மேஜை ஒரு பக்கம் இறங்கிப்போய், அந்தக் காலுக்குக் கீழே நானேதான் செங்கல் வைத்துக் கொடுத்தேன்.

"அக்கா, சீக்கிரம் எதையாவது கீழ போடுங்க. கேடயம் மறைஞ்சிடும்!" என்றாள் யமிலே. "உள்ள என்ன இருக்கு?"

"காலி மருந்து பாட்டில்."

"அதைப் போடுங்க!"

"மூடியோட இருக்குடி. மூடியோட பாட்டில் எங்க கிடைக்குது இப்ப?"

"வேற?"

"எலி வால். கயிறு கிடைக்கலேன்னா கட்டிக்கலாம். ஒடைஞ்ச கத்தி, பிடி நல்லாத்தான் இருக்கு. ஒத்தைச் செருப்பு."

"ஒத்தைச் செருப்பு எதுக்குக்கா?"

"இன்னொண்ணு கிடைச்சா?"

"என்கிட்ட குடுக்கா, நான் வெச்சிருந்து தரேன்" என்றான் ஒஸ்மானி.

"எங்கிட்ட வாங்கிட்டுப் போன சட்டியே இன்னும் வீடு வந்து சேரலை. நீ பேசாதே."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க யாருக்கும் யோக்கியதை இல்லை. ஒஸ்மானி வீட்டில் ஓடாத மின்விசிறி மூன்று கிடக்கிறது; அவற்றின் உறுப்புகளால்தான் நாலாவது ஓடுகிறது. எந்தத் திருகாணி எந்த நாளில் உயிரைக் காப்பாற்றும் என்று இந்த ஊரில் யாரால் சொல்ல முடியும்? 

மிக்தாலியா பாட்டிலைத் தொட்டாள். விட்டாள். செருப்பைத் தொட்டாள். விட்டாள்.

கேடயம் இரண்டு முறை மினுங்கி மறைந்தது.

அவள் நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் காதிலிருந்த ஹெட்போனிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எந்த நொடியில் இருட்டும் என்று. பொறுக்காமல் எழுந்து, சுவரைப் பிடித்து முற்றத்துக்கு வந்தேன். மேலே அவள் கம்பத்தின் பக்கத்தில் நின்றாள். கை கேபிள் முடிச்சின்மேல் இருந்தது.

"யோவ், அங்க இப்ப கடைசி யாரு?"

"யமிலேக்குப் பின்னாடி நான்."

"நீயா? உன்னை நான் பாக்கவே இல்லையே."

"அதுக்குத்தானே அத்தனை பாயிண்டையும் போட்டேன்."

"அப்ப நான் உனக்குப் பின்னாடி. நகராம நில்லு."

"கேபிளு?"

"அதை அவுத்துட்டா வரிசைல எப்படிய்யா நிக்கறது? மூளைய எந்த பஸ்ல விட்டுட்டு எறங்கினே?"

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னியே. படுக்கைவிரிப்பு?"

அவள் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தாள். "கேபிள் மேல போகட்டும், கொடி கீழ இருக்கட்டும். அந்த மூங்கிலை எடுத்து அங்கேருந்து கேபிளைத் தூக்கிப் பிடி. இந்த மாடிப்படிச் செவுத்து உச்சியில ஒரு ஆணி அடிச்சு மாட்டிடறேன். ஆணி இருக்கா உன்கிட்ட?"

"ஏன், உன்கிட்ட இல்லையா?"

"டப்பா நிறைய இருக்கு. அது தேவைப்படும்."

உள்ளே போய் என் டப்பாவைக் கிளறினேன். இருந்ததிலேயே வளைந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்து மேலே எறிந்தேன். அவள் அதைக் கைப்பிடிச் சுவரின் மேல் படுக்கவைத்து, கோணல் போகும்வரை பொறுமையாகத் தட்டினாள். நான் கீழே மூங்கிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகராமல் நின்றேன்.