பிலடெல்பியா கசெற்

மாப்பிள்ளை பார்க்க நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வீடியோக் கசெற் கடைக்குப் போனேன். சிரிக்காதீர்கள். எண்பத்தேழில் பாரிஸ் லா ஷப்பலில் எங்களுக்கு மாப்பிள்ளைமார் அப்படித்தான் வந்தார்கள், தபாலில். அமெரிக்கக் கசெற்றை எங்கள் வீட்டு மெசினில் போட்டால் வெறும் கோடுதான் ஓடியது. எல்லா நாட்டுக் கசெற்றும் ஓடுகிற மெசின் ரூ லூயி-பிளாங்கில் வரதராசா அண்ணையின் கடையில்தான் இருந்தது. அதிலும் நிறம் வராது.

மாப்பிள்ளையின் பெயர் அருட்பிரகாசம். பிலடெல்பியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். சாதகம் பொருந்திவிட்டது. ஒரு போட்டோ அனுப்பச் சொன்னதற்கு, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கசெற்றே அனுப்பியிருந்தார். ஞாயிறு பின்னேரம் போன் எடுப்பார், என் அண்ணை பாலச்சந்திரன் ஓம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். எனக்கு இருபத்தொன்பது வயது. மூன்று சம்பந்தம் ஏற்கெனவே குழம்பியிருந்தது. ஆனாலும் பதில் சொல்வது அண்ணைதான். பெண் வாய் திறப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

படம் ஓடத் தொடங்கியது. வெள்ளைக் கோபுரம் வைத்த பழைய கட்டடம். அதன் முன்னால் ஒருவரும் இல்லை.

"இதுக்குள்ளை இருந்துதான் இந்த நாட்டுக்குச் சுதந்திரம் எழுதினவை," என்றது ஒரு குரல். கொஞ்சம் அடைத்த குரல்.

பிறகு ஒரு கண்ணாடி மண்டபத்துக்குள் பெரிய மணி. "வெடிச்ச மணி. அடிக்கேலாது. எண்டாலும் சனம் பாக்க வருது."

"மாப்பிள்ளை எங்கையடாப்பா?" என்றார் அண்ணை.

"பொறு, வருவார்," என்றார் வரதராசா அண்ணை.

மண்டபத்துக் கண்ணாடியில் ஒரு உருவம் மங்கலாகத் தெரிந்தது. அண்ணை பாய்ந்துபோய்த் திரையில் மூக்கை வைத்தார். தோளில் கமெரா, முகம் இருக்கவேண்டிய இடத்திலும் கமெரா. படம் வாடகைக்கு எடுக்க வந்த ஒருவர், யாரும் கேட்காமலே, "ஒரு கண் பழுதாயிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். இன்னொருவர் பல் மிதப்பு என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் கடைக்கு வெளியே தள்ளியிருப்பேன்.

தள்ளவில்லை. அதற்குள் நான் அந்தக் கடையில் இல்லாமல் போயிருந்தேன். திரையில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒழுங்கை, கல் பதித்தது, இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கதவுகள். கமெரா மெல்ல மெல்ல நடந்தது. நானும் நடந்தேன். பட்டுச் சேலையின் கரை கல்லில் உரசியது போலவே இருந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே, பனி கொட்டும் மாரி காலத்தில், ஆளுயரத்துக்குப் பூக்கள். எல்லாம் சாம்பல் நிறம். நான்தான் ஒவ்வொன்றுக்கும் நிறம் போட்டேன். இது மஞ்சள், இது செவ்வரத்தைச் சிவப்பு, இது என் சேலையின் நீலம். குரல் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை.

கடைசியில் பனிக்குள் ஒரு மரக்குடில். "சுதந்திரத்துக்குச் சண்டை பிடிச்ச அந்தக்காலப் பெடியள் ஒரு மாரி முழுக்க இதுக்குள்ளை கிடந்தவை. கன பேர் குளிரிலையும் நோயிலையும் செத்துப்போச்சினம்." அதற்குமேல் குரல் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அங்கே ஊரில் சண்டைக்கு நின்ற பெடியளை நினைத்திருப்பார். நானும் நினைத்தேன். கசெற் முடிந்தது.

வெளியே வந்தபோது ரூ லூயி-பிளாங் என் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் சாம்பலாகவே தெரிந்தது. அண்ணை வீடுவரை புறுபுறுத்துக்கொண்டு வந்தார். முகத்தை ஒளிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்றார். எனக்கு அந்த முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"தம்பி, குறை நினையாதையும். ஊரெல்லாம் காட்டினீர், உம்மைக் காட்டேல்லையே?" என்றார் அண்ணை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கமெரா பிடிச்சுவிட ஆளில்லையாம். அஞ்சு வருசமா ஒரு ஊரிலை இருக்கிறான், அதைக் குடுத்துப் பிடியெண்டு சொல்ல ஒரு மனிசன் இல்லையாம். இவன் எப்பிடிப்பட்ட ஆளாயிருப்பான்? நான் இல்லையெண்டு சொல்லப்போறன்."

அந்த ஒழுங்கை, அந்தத் தோட்டம், அந்தப் பனி, எல்லாவற்றிலும் அவர் தனியாகக் கதைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். எழும்பிப் போய் அண்ணையின் கையிலிருந்து ரிசீவரைப் பறித்தேன்.

"நான் கோசலை கதைக்கிறன்."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம். பிறகு, "ஓம், சொல்லுங்கோ."

"வழியிலை போற ஆரிட்டையும் கேட்டிருக்கலாமே?"

"கேட்டனான். ஒரு வெள்ளைக்காரன் பிடிச்சுத் தந்தவன். போட்டுப் பாத்தால் என்ரை சப்பாத்து மட்டும்தான் கிடக்கு. பிறகு வேறை ஆக்களைக் கேக்க வெக்கமாப் போச்சு. அதை அழிச்சுப்போட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணை முறைத்தார்.

"சரி," என்றேன். "நான் வந்து பிடிக்கிறன்."

லைன் அறுந்துபோயிற்று என்று நினைத்தேன். அறவில்லை. மூச்சு கேட்டது. விட்டு விட்டு வந்தது. அவர் அழுகிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அண்ணை ரிசீவருக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.