வண்டி குடித்த பெட்ரோல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கிறது என்று என் மனைவி ஜோதிலட்சுமி சொல்வாள். இருக்கட்டுமே. லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்துக்கொண்டிருந்த கார் திடீரென்று பதின்மூன்றுக்கு இறங்கினால் எந்த மனுஷனுக்குத்தான் கோபம் வராது?

நான் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஆப்பரேட்டர். பொன்னேரியிலிருந்து ரயிலில் போய் வருகிறேன். காரை எடுப்பது அவள்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் அவளுக்கு ஸ்டோர்ஸ் வேலை. வீடு விட்டால் கம்பெனி, கம்பெனி விட்டால் வீடு. மீட்டரில் ஒரு கிலோமீட்டர் கூட அதிகமாக ஓடவில்லை. பெட்ரோல் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஜெரால்டிடம் விட்டேன். டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"வண்டி கல்லு மாரி கீது மோகன். அவ்ளோ பேஜாரா இருந்தா குடுத்துடு. பார்ட்டி கீது, ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கினு போவாங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சொன்னதும் ஜோதிக்கு முகம் செத்துப்போனது.

"வண்டிய குடுக்காத."

"ஏன்?"

"குடுக்காதன்னா குடுக்காத. எனக்கு வோணும்."

காரணம் கேட்பதற்குள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கம்பெனி வாசலில் எவனோ டியூப் போட்டுப் பெட்ரோலை உறிஞ்சுகிறான். இவளுக்கு அது தெரிகிறது, என் வாய்க்குப் பயந்து மறைக்கிறாள். அந்தத் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று, எனக்கு லீவு வந்த வியாழக்கிழமையே ரயிலேறினேன்.

கார்களையெல்லாம் காம்பவுண்டுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் விடுவார்கள். மதிய வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பி ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் பதுங்கி எட்டிப் பார்த்தேன். என் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஆளே இல்லை. பின்பக்கக் கண்ணாடிகளில் ஜோதியின் ஊதா துப்பட்டா தொங்கியது.

அடப்பாவி, என் காசில் ஏசி போட்டுத் தூங்குகிறானா? ஓடிப்போய்க் கதவைத் தடதடவென்று தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு பெண் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"யார்யா நீ? உள்ள கொழந்த பால் குடிச்சிக்கினு கீது. கண்ணு படும், அப்பால போ."

"இது என் வண்டிம்மா."

"இது ஜோதி அக்கா வண்டி. போறியா, வாட்ச்மேன கூப்புடட்டா?"

திருடனைப் பிடிக்க வந்தவன் திருடனாகிவிட்டேன். நல்லவேளை, கையில் டிபன் பாக்ஸோடு ஜோதி வந்தாள். என்னைப் பார்த்த பயத்தில் அவள் முதலில் செய்த காரியம் இன்ஜினை அணைத்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே இருப்பது அவளோடு வேலை செய்யும் பூமிகா. குழந்தைக்கு நாலு மாதம். புட்டிப்பாலை வாயில் வைத்தாலே துப்புகிறது. கதவை மறித்து நிற்பவள் அவளுடைய நாத்தனார் செல்வி; அவள்தான் தினமும் ஷேர் ஆட்டோவில் குழந்தையைத் தூக்கி வருகிறாள். குழந்தையைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். வெளியே உட்கார்ந்து கொடுத்தால் போகிற வருகிற கண்ணெல்லாம் படும். இந்த வண்டி இல்லையென்றால் பூமிகா வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"வெளிய சொன்னா கண்ணு படும்னு என் கையில அடிச்சி சத்தியம் வாங்கினாங்க. அதுவுமில்லாம, உங்கிட்ட மைலேஜ தவுத்து இன்னா பேச முடியுது?"

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. கண்ணாடி இடுக்கு வழியே பூமிகாவின் குரல் கேட்டது.

"அண்ணா, மன்னிச்சிக்குங்கண்ணா. நாளையிலேருந்து வேணாம். நான் வேலைய உட்டுட்றேன்."

"கொழந்த ஏன் அழுவுது?"

"ஏசி நின்னுபோச்சில்ல, வேர்க்குது" என்றாள் செல்வி, என்னை முறைத்தபடி.

ஜோதி கையிலிருந்த சாவியைப் பிடுங்கினேன். தலையைத் திருப்பிக்கொண்டு முன் கதவைத் திறந்து, இன்ஜினைப் போட்டு, ஏசியை நன்றாகத் திருப்பி வைத்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு எனக்கு வயிறு எரியாமல் இருந்தது அந்த வருஷத்திலேயே அன்றுதான். ஜோதி டிபன் பாக்ஸைத் திறந்து, மரத்தடியில் வைத்தே எனக்கு ஒரு வாய் எலுமிச்சை சாதம் ஊட்டினாள். செல்வி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஜெரால்டுக்குப் போன் போட்டேன்.

"பார்ட்டிய வர வேணாம்னு சொல்லிடு. வண்டி குடுக்கல."

"இன்னாடா, பிரச்சனைய கண்டுபுடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

"எப்ப சரியாவும்?"

"கொழந்தைக்குப் பல்லு மொளைக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன்.