முதல் மூன்று நாள் பால்

பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்ததற்குக் கிரகணம், கண்ணேறு என்று குத்துக்கல்வலசை ஊரே காரணம் தேடியது. தங்கத்தாய் தேட வேண்டியதில்லை. புருஷன் குத்தாலிங்கம் இடுப்பில் விட்ட உதைதான் காரணம். உதைத்தவனே வண்டி கட்டித் தென்காசி ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தான். அந்தப் புண்ணியத்தையும் மறைப்பானேன்.

மூன்றரை ராத்தல் பெண் குழந்தை. பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பாட்டில்களை அணைவாக வைத்திருந்தார்கள். சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. தங்கத்தாயின் மாரில் மஞ்சளாகக் கசிந்த பாலை நர்சு ஜெபமலர் சங்கில் பீய்ச்சி, சொட்டுச் சொட்டாக ஊட்டினாள்.

"இதைச் சிந்திராத தாயி. இவளுக்கு இதுதான் மருந்து. ஒரு மாசம் இங்கனதான் இருக்கணும்."

மூத்த பிள்ளை பிறந்தபோது இந்தப் பாலைத்தான் மூன்று நாளும் சாம்பலில் பீய்ச்சிக் கொட்டச் சொன்னான் குத்தாலிங்கம். சீக்குப் பாலாம். வெறும் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்த அது ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் வந்தவன் சங்கைப் பார்த்தான். அவ்வளவுதான். தட்டிவிட்ட வேகத்தில் சங்கு சுவரில் போய் அடித்தது. தங்கத்தாயின் கொண்டையைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் இடித்தான்.

"சீக்குப் பாலைக் குடுத்து இதையும் கொல்லப் பாக்கியாட்டி? கெளம்பு வீட்டுக்கு!"

குறுக்கே வந்த ஜெபமலரை நெட்டித் தள்ளினான். கதவு நிலையில் மண்டை மோதி அவள் சரிந்தாள். பஞ்சோடு பிள்ளையை ஒற்றைக் கையால் அள்ளினான். பஞ்சு உதிர்ந்து ஒரு சின்னக் கால் வெளியே தொங்கியது.

ஆறு வருஷமாக 'நீங்க' என்றே பேசியவள் தங்கத்தாய்.

"ஏலே! மாடு கன்னு போட்டப்ப சீம்பாலைக் கறந்துட்டேன்னு எம் பல்லைப் பேத்தியே! கன்னு செத்துரும்னு தெரிஞ்ச ஒனக்கு எம் பிள்ள சாவும்னு தெரியலையா?"

"மாடும் மனுசியும் ஒண்ணாட்டி?" பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் காலை ஓங்கினான்.

அவள் வெந்நீர்ப் பாட்டிலை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். கண்ணாடி உடைந்து சுடுதண்ணீரும் ரத்தமும் கொட்டின. கையில் மிஞ்சிய கண்ணாடித் துண்டால் தோளில் ஒரு கிழி கிழித்தாள். அவன் அலறிக்கொண்டு விழுந்தான். அவளுக்கு இரக்கம் வரவில்லை, சந்தோஷமாகவே இருந்தது.

போலீஸ் ஏட்டு வந்தபோது, தலையில் கட்டோடு ஜெபமலர் வேறு சங்கைக் கழுவி நீட்டிக்கொண்டிருந்தாள். தங்கத்தாய் கையைத் துடைத்துவிட்டுப் பால் பீய்ச்சினாள்.

"அடிச்சது நீதானம்மா? எந்திரி."

"நான்தான் ஏட்டையா. ஒரு மாசம் கழிச்சு வாங்க, நானே நடந்து வாரேன். அதுவரைக்கும் இவளுக்குப் பால் வேணும்."

சொல்லிவிட்டு அடுத்த சொட்டை விட்டாள். பிள்ளை முழுங்கியது.