லூசியன் பெல்டியே ஸ்கோப்பை நேராக்கிய ஆறு நாட்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முடிவெட்டும் கடையில் கார்ல்டன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். என் முறைக்காகக் காத்திருந்த நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கதாநாயகன் லூசியன் பெல்டியே, கார்ல்டனின் அக்கா புருஷன். மைத்துனன் சொல்லும் கதையில் எவ்வளவு உண்மை இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மிச்சத்தை நான் நிரப்பியிருக்கிறேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் இந்த ஊரில் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவன் நான். அடுத்தவர் உறையைப் பிரித்ததே கிடையாது. (அஞ்சலட்டை வேறு விஷயம்.)

2

முதல் தொடக்கம்: "அக்டோபர் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு, கிரீடம் சூடிய மன்னனைப் போல் அந்த மூஸ்..."

வேண்டாம். மூஸ் என்பது குதிரையை விட உயரமான மான். முதல் வரியிலேயே வந்து நின்றால் மற்றவர்களுக்கு இடமிருக்காது.

இரண்டாம் தொடக்கம்: "மனித வாழ்வே ஒரு நீண்ட..."

மன்னிக்கவும். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒருமுறை வந்துபோகும் காய்ச்சல் இது.

நேராகவே சொல்கிறேன். மூஸ் வேட்டைக்கு அரசாங்கம் குலுக்கலில்தான் பர்மிட் கொடுக்கும். லூசியன் இருபத்தேழு வருடம் பெயர் போட்டான். அதற்குள் கார்ல்டனுக்கு மூன்று முறை விழுந்துவிட்டது. இந்த வருடம்தான் லூசியனுக்கு. திங்கள் முதல் சனி வரை ஆறு நாள். ஒரே ஒரு மூஸ். படிவத்தில் இரண்டாம் ஆள் என்று ஒரு வரி இருந்தது. காலியாக விட மனமில்லாமல் மனைவி ஆர்லீனின் பெயரை எழுதினான். இருவரில் யார் வீழ்த்தினாலும் பர்மிட் அத்துடன் தீர்ந்தது. அவனுக்கு எழுபத்து மூன்று வயது. குலுக்கல் இதே வேகத்தில் போனால் அடுத்த முறை சரியாக நூறு.

3

துப்பாக்கிக்குப் புது ஸ்கோப் வாங்கினான், குறிபார்க்க மேலே மாட்டும் சின்னத் தொலைநோக்கி. இரண்டு வளையங்களுக்குள் குழாயை வைத்து, உள்ளே தெரியும் கூட்டல் குறி சாயாமல் நிற்கும்படி திருப்பி, ஸ்க்ரூக்களை முடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை. ஆனால் ஒரு பக்கம் முடுக்கினால் குழாய் ஒரு மயிரிழை அந்தப் பக்கம் உருளும். மறுபக்கம் முடுக்கினால் இந்தப் பக்கம். திங்கட்கிழமை லூசியன் நூற்றுப் பதினெட்டு முறை முடுக்கினான். (பதினெட்டு என்றுதான் கார்ல்டன் சொன்னான். நூறு என் அன்பளிப்பு.)

செவ்வாயன்று கார்ல்டன் வந்து கண்ணை வைத்துப் பார்த்தான்.

"இடது பக்கம் சாஞ்சிருக்கு மச்சான்."

"எனக்கு நேராத்தானே தெரியுது."

"நீ நேரா இருக்கியான்னு யாரு பாத்தா?"

அன்றிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வலது என்றார்கள், இடது என்றார்கள். ஆளுக்கு ஆள் தோள் வேறு, கழுத்து வேறு, சாய்ந்திருந்தது அவர்கள்தான். அதை யாரும் தன்னைப் பற்றி நம்பவில்லை.

புதன்கிழமை லூசியன் துப்பாக்கியின் மேல் ரசமட்டம் வைத்தான். குமிழி ஓரம் போனது. பட்டறை மேஜையின் காலுக்கு அட்டை கொடுத்தான். வியாழனன்று கார் ஷெட்டின் ஒரு மூலையை ஜாக்கி வைத்துத் தூக்கினான். வெள்ளிக்கிழமை ஊரையே...

(அந்த வரியை அடித்துவிட்டேன். ஜாக்கி அவ்வளவு பெரியதில்லை.)

"மூஸ் ஒரு லாரி சைசுல இருக்கும் மச்சான்," என்றான் கார்ல்டன். "ஸ்கோப்பத் தலைகீழா மாட்டினாலும் படும்."

"ஒரு குண்டுதான் சுடுவேன். அது தப்பக் கூடாது."

"தப்புனா இன்னொண்ணு சுடேன்."

"அப்புறம் நீ ஊரெல்லாம் சொல்லுவே."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்," என்றான் கார்ல்டன், பின்னாளில் முடிவெட்டும் கடையில் இதையெல்லாம் சொல்லப்போகிறவன்.

4

இந்த இடத்தில் என் கதாநாயகன் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இருபத்தேழு வருடம் காத்திருந்தவன் ஐந்து நாளை ஷெட்டுக்குள் கழிப்பானா? பெயரை மாற்றலாமா, வயதைக் குறைக்கலாமா, ஒரு காலை உடைத்துப் போடலாமா என்றெல்லாம் யோசித்தேன். பிறகு புரிந்தது. டோனட் கடையில் எல்லாரும் தப்பவிட்ட கதைகளைச் சொல்லும்போது லூசியனுக்கு மட்டும் அப்படி ஒரு கதை கிடையாது. இதுவரை ஒரு மூஸைக்கூட அவன் தப்பவிட்டதில்லை; சுட்டால்தானே தப்பும். கூட்டல் குறி நேராகிவிட்டால் சுட்டாக வேண்டும்.

(வாசகரே, நான் நாவல் எழுதப்போவதாக ஊரில் சொல்ல ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. இந்தக் குறிப்பைத் தாண்டிச் செல்லவும்.)

5

சனிக்கிழமை சாயங்காலம். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரைதான் சுடலாம். அதற்குமேல் சட்டம் விடாது. ஆர்லீன் வேட்டைக்கான ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு தன் பழைய துப்பாக்கியோடு ஷெட்டுக்கு வந்தாள். அதில் ஸ்கோப் இல்லை. சாய எதுவும் இல்லை.

"நீ வர்றியா, நான் மட்டும் போகவா?"

"பத்து நிமிஷம், ஆர்லீன்."

"திங்கக்கிழமை சொன்ன அதே பத்து நிமிஷமா?"

லூசியன் ஷெட் கதவுக்கு எதிரே வேலி மரத்தில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, மேஜையில் பொருத்திய வைஸ் என்ற இடுக்கியில் இறுக்கிய துப்பாக்கியின் ஸ்கோப் வழியாக அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டல் குறியின் கோடு நூலோடு ஒன்றாகப் படிந்தது. ஆறு நாளில் முதல் முறை. அவன் மூச்சை அடக்கினான். அப்போது நூலுக்குப் பின்னால், அறுவடை முடிந்த உருளைக்கிழங்கு வயலில், பழுப்பாக ஏதோ வந்து நின்று பார்வையை முழுக்க அடைத்தது.

"லூசியன்," என்றாள் ஆர்லீன் மெதுவாக. "பாத்தியா?"

"ம்."

"வைஸைக் கழட்டறியா, இல்ல நான் சுடட்டுமா?"

லூசியன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது கொஞ்சம் சாஞ்சு நிக்குது," என்றான்.

6

முடிவு ஒன்று: வைஸ் திறக்கிறது. லூசியன் சுடுகிறான். மூஸ் விழுகிறது அல்லது...

முடிவு இரண்டு: ஆர்லீன் சுடுகிறாள். குளிர்காலம் முழுக்க இறைச்சி. அதைவிட நீளமான ஒரு மௌனம்.

கார்ல்டன் இரண்டையும் சொன்னான், இரண்டுக்கும் சத்தியம் செய்தான். எதை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் மூஸுக்குப் பொறுமை கிடையாது, ஆர்லீனின் விரல் ஏற்கனவே விசையில் இருக்கிறது, வெளிச்சம் இன்னும் பதினோரு நிமிடம்தான். அவள் இப்போது லூசியனைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்கிறாள்.