மேளம் அடித்து அளந்த காணி

காணியில் சமுகமளித்தோர்:

ஹெர்பர்ட், நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர்.
மைக்கல், சங்கிலி பிடிப்பவன். அது நான்.
மக்கீன், வழக்காளி. காலஞ்சென்ற ஜமால்தீனின் மூத்த மகன்.
நூருன்னிஸா, முதலாம் எதிராளி. மக்கீனின் தங்கை.
ஸரீனா, இரண்டாம் எதிராளி. ஜமால்தீனின் இளைய மகன் ஸெய்னுலாப்தீனின் விதவை.
கிராம சேவகர்: வரவில்லை.
மேளக்காரர்: வந்தார். மேளத்தை வாசல் கேட்டடியில் வைத்துவிட்டு ஓடிப்போனார்.

கடைசி இரண்டு வரிகள் ஹெர்பர்ட் ஐயாவின் அறிக்கையில் இல்லை. நான் சேர்த்தவை.

1989 செப்டம்பர். இரத்தோட்டைக்குக் கீழே மிளகும் கராம்பும் நட்ட ஒன்றரை ஏக்கர். முந்திய வாரம்தான் பக்கத்து மதகில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். கோர்ட்டுக்குப் போகிறவனுக்குச் சாவு என்று சிங்களத்தில் கையால் எழுதியது. ஒட்டியவர்கள் அரசாங்கத்தை எதிர்த்தவர்கள். அவர்களைத் தேடியவர்கள் நம்பர் தகடு இல்லாத ஜீப்பில் திரிந்தார்கள். யார் கையில் அகப்பட்டாலும் முடிவு ஒன்றுதான். நெசவாலையில் இரவு முறையை நான் விட்டதும் இதனால்தான். விடியற்காலை வீட்டுக்கு நடக்கையில், பாலத்தடியில் டயர் எரிவதை இரண்டு தடவை பார்த்தேன். டயர் மட்டும் எரியவில்லை. பகலில் சங்கிலி பிடித்தால் ஆபத்தில்லை என்று நினைத்தேன். முட்டாள்தனம்.

காணியைப் பங்கு பிரிக்கும் வழக்குக்குப் பதினோரு வயது. மூன்று பேரும் பங்காளிகள், அதில் சண்டை இல்லை. சண்டை ஸரீனாவின் வீட்டைப் பற்றி. இரண்டு அறை, தகரக் கூரை. தன் புருஷன் கட்டியது என்றாள் அவள். வாப்பா சுட்டு வைத்திருந்த செங்கல்லில் கட்டியது, ஆகவே பொது என்றார் மக்கீன். பொது என்று முடிவானால் காணியோடு வீடும் ஏலத்துக்குப் போகலாம். ஸரீனாவுக்கு வேறு வீடு கிடையாது.

பங்கு வழக்கில் ஒரு சட்ட முறை இருக்கிறது. அளக்கும் அன்று காணியில் மேளம் அடித்து அறிவிக்க வேண்டும். உரிமை கோருகிறவர் அங்கேயே, மற்றவர்கள் கேட்க, வாயால் சொல்ல வேண்டும். அளவையாளர் எழுதிக்கொள்வார். கோர்ட் அதைத்தான் பார்க்கும்.

கருவிகளை மிளகுச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தோம். வழக்கமாக நான் சங்கிலிக் கணக்கைக் கத்திச் சொல்வேன். அன்று விரலைக் காட்டினேன். ஹெர்பர்ட் ஐயா தலையாட்டி எழுதினார். ரோட்டில் சைக்கிள் மணி கேட்டால்கூட எல்லோரும் பலா மரத்துக்குப் பின்னால் போய் நின்றோம். வழக்காடுகிறவர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். நூருன்னிஸா முழு நேரமும் ஓதிக்கொண்டே இருந்தாள்.

அளந்து முடிந்தது. மக்கீன் முதலில் சொன்னார்.

"ஊடு பொது. எழுதிக்கோங்க."

ஐயா எழுதினார்.

"மேளம் அடிச்சதண்டு எழுதிருங்க ஐயா. நாங்க மூணு பேரும் கையெழுத்து வெச்சித் தாறோம். அடிக்கத் தேவையில்ல."

"எனக்கும் அதுதான் நல்லம்," என்றார் ஐயா.

"ஏலாது," என்றாள் ஸரீனா. "மூணு வருஷத்துக்கு முந்தி வந்த சேவயர்கிட்டயும் இப்பிடித்தான் செல்லிப்போட்டு, பொறகு கோர்ட்டுல மேளம் அடிக்கல்லண்டு செல்லி அளவ உடைச்சீங்க. மறந்திட்டா மச்சான்?"

"அது அப்ப. இப்ப உசிரு விஷயம் மதினி."

"எனக்கு ஊடு விஷயம்."

"ஊட்டோட சேத்து கொளுத்துவானுங்க. அப்ப யாருக்குப் பங்கு பிரிக்கிற? சாம்பலுக்கா?"

"அதுலயும் நீங்க பாதி கேப்பீங்க," என்றாள் ஸரீனா.

நூருன்னிஸா ஓதலை நிறுத்தி, "அல்லாவுக்காக ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள்.

ஸரீனா கேட்டடிக்குப் போய் மேளத்தைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தாள். விறகுக் கட்டையால் மூன்று தரம் அடித்தாள். அந்தச் சத்தம் மலையில் முட்டித் திரும்பி வந்தது. நான் கருவிச் சாக்கை அள்ளிக்கொண்டேன். அவளுக்கும் பயம்தான், உதடு வெளுத்திருந்தது. கட்டையைக் கீழே போட்டுவிட்டு ஐயாவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

"இந்த ஊடு என்ட மாப்பிள கட்டினது. எனக்குச் சொந்தம்."

"பைத்தியம்!" மக்கீன் இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு விறுவிறுவென்று இறங்கினார். "நான் இங்க வரல்ல. என்ட பேர வெட்டுங்க!"

அவர் வளைவைத் தாண்டியிருக்க மாட்டார். கீழே ஜீப் முனகி ஏறும் சத்தம் கேட்டது. அந்த ரோட்டில் ஜீப் வைத்திருக்கிறவர் ஒருவரும் இல்லை. ஸரீனா கதவைத் திறந்து பிடித்தாள். நூருன்னிஸா, ஐயா, சாக்கோடு நான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரே கதவு, ஒரே ஜன்னல். அளக்கும்போது எண்ணியிருந்தேன்.

ஓடி வரும் காலடி. பிறகு கதவில் உள்ளங்கை அடித்தது.

"மதினி, தொறங்க! நம்பர் இல்லாத வண்டி. மதகடிக்கு வந்திட்டான்."

ஸரீனா தாழ்ப்பாளில் கை வைத்தாள். இழுக்கவில்லை.

"இது யாருட ஊடு மச்சான்?"

"என்ன கதை இது? தொறங்க!"

"யாருட ஊடு?"

ஜீப் கியர் மாற்றியது. ஐயா கொப்பியை முழங்காலில் வைத்துப் பென்சிலை எடுத்தார். நான் அவரைத் தடுக்கவில்லை. அவளையும் தடுக்கவில்லை.

"உங்கட ஊடு." மக்கீன் அழுதார். "தம்பி கட்டின ஊடு. எனக்கு ஆட்சேபணை இல்ல. ஐயாவுக்குக் கேட்டிச்சா? ஐயா!"

"கேட்டது," என்றார் ஹெர்பர்ட் ஐயா. முன்பு எழுதிய வரியை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார்.

ஸரீனா ஜன்னல் இடுக்கால் பார்த்தாள்.

"மேளம் முத்தத்தில கெடக்கு, வாறவனுக்குக் காட்டிக் குடுக்கும். அதையும் எடுத்துக்கிட்டு வாங்க."

காலடி போனது, திரும்பி வந்தது. அவள் தாழ்ப்பாளை இழுத்தாள். மக்கீன் மேளத்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி உள்ளே வந்து விழுந்தார். வெளியே, கேட்டடியில், ஜீப் நின்றது. ஸரீனா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு சாவியையும் திருப்பினாள்.